சேம்பர் பிள்ளைகள் வரும் படக்கதை

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஏதாவது ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். சிப்காட் உருக்காலையில் வேலை பார்க்கும் பீகார்த் தொழிலாளியின் மகள் முன்வரிசையில் இருப்பாள். அவள் வீட்டில் போஜ்புரி. அவளுக்குப் பக்கத்தில் ஆரம்பாக்கத்துப் பையன். அவன் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழும் தெலுங்கும். அடுத்த வரிசையில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளை. கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த ஊரைப் பற்றிப் பாட்டி சொல்லித்தான் அதற்குத் தெரியும். ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவன் வாரத்தில் மூன்று நாள் வருவான். மீதிப் பேர் ஊர்த் தெருவும் காலனியும். இத்தனை பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த அந்த வகுப்பில் புத்தக அலமாரியைத் திறந்தால் முயல் இருக்கிறது, சிங்கம் இருக்கிறது, பேராசைக்கார ராஜா இருக்கிறார், வடை திருடிய காக்கை இருக்கிறது. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூட இல்லை.

முயலும் காக்கையும் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எட்டு வயதுவரை ஒரு பிள்ளை பார்க்கிற படங்களில் தன் வீடு, தன் அம்மாவின் வேலை, தன் சாப்பாடு, தன் முகம் எதுவுமே வரவில்லை என்றால், புத்தகம் என்பது வேறு யாருக்கோ உரியது என்று அது முடிவு செய்துவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த மாவட்டம் நேற்று திடீரென்று பலமொழி ஊராகிவிடவில்லை. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான்; அதன் எல்லையோ அதற்கு வெகுமுன்பே இழுபறியில் வரையப்பட்டது. படாஸ்கர் குழுவின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துப் பகுதிகள் சில ஆந்திரத்துக்குப் போயின. எல்லைப் போராட்டத்தை ம.பொ.சி.யின் பெயரோடு நாம் நினைவில் வைத்திருக்கிறோம், சரிதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்ட தெலுங்கு வீடுகளை எந்தப் பிள்ளைக் கதையும் நினைவில் வைக்கவில்லை. கடலோரத்தில் பழவேற்காட்டில் மீனவர் குப்பங்களும், அரபு எழுத்தில் தமிழ் எழுதிப் படித்த முஸ்லிம் குடும்பங்களும், டச்சுக்காரர் கல்லறைகளும் ஒரே ஏரியின் கரையில் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் ஈழத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் இருப்பிடத்தின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு 2021இல் மாற்றியது. முகாமிலேயே பிறந்தவர்களுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். சிப்காட் வந்த பிறகு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் வந்தன. அவற்றோடு பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், வங்கம், அசாம் வந்தன. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளைகள் வந்தன. அவற்றோடு மேற்கு ஒடிசா வந்தது.

இந்தச் சூளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பேச வந்த விஷயத்தின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது.

ஊரில் அவற்றைச் 'சேம்பர்' என்பார்கள். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களில் நுவாகாய் என்னும் புத்தரிசித் திருநாள் ஆவணி புரட்டாசியில் வரும். அது முடிந்ததும் வேலைக்கு ஆள் சேர்க்கும் சர்தார் முன்பணத்தோடு வீட்டு வாசலுக்கு வருவார். வாங்கியவர்கள் அறுப்பு வேலை முடித்து, கார்த்திகை மார்கழியில் ரயிலேறி இங்கே வந்து, சேம்பர் ஓரத்துக் குடிசைகளில் தங்கிக் கல் அறுப்பார்கள். கூலி ஆளுக்கு அல்ல, ஆயிரம் கல்லுக்கு. கணவன், மனைவி, கூட ஒரு கை என்று குடும்பமே ஒரு கணக்கு. மண் குழைக்க ஒருவர், அச்சில் அடிக்க ஒருவர். அறுத்துப் போட்ட பச்சைக்கல் ஒரே பக்கமாகக் காயாமல் திருப்பிப் போடுவதற்குப் பிள்ளை. கல் இன்னும் ஈரம். பெரியவர் மிதித்தால் நசுங்கும். பிள்ளையின் எடைக்கு நசுங்காது. ஆனி பிறக்கையில் மழைக்கு முன் ஊர் திரும்பும்போது அங்கே பள்ளி ஆண்டு முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கும், இங்கேயும் அப்படியே. இரண்டு மாநிலங்களின் பள்ளிப் பதிவேடுகளுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை விழுந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய இந்த மாவட்டத்தில் நல்ல முயற்சிகள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மாவட்ட நிர்வாகமும் கல்வித் துறையும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து சூளைகளை ஒட்டிப் பள்ளி மையங்கள் நடத்தின. ஒடிசாவிலிருந்து ஒடியா பாடநூல்கள் தருவிக்கப்பட்டன. ஒடியா தெரிந்த ஆசிரியர்கள் வந்தார்கள். இன்னொரு மாநிலத்தின் பாடநூலைத் தன் மண்ணில் தன் பொறுப்பில் சொல்லிக்கொடுக்க ஓர் அரசு முன்வந்தது சாதாரண காரியம் அல்ல. மொழிக்காக இவ்வளவு போராடிய தமிழ்நாடு, அடுத்தவர் பிள்ளையின் மொழியை அதே கண்ணோடு பார்த்தது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் பாடநூல் ஒரு வேலைதான் செய்யும். அந்த ஒடியாப் பாடநூலில் இருக்கும் உலகம் ஒடிசாவின் உலகம். அதுவும் கடலோர ஒடிசாவின் மொழிநடை. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவதோ சம்பல்புரி. வருடத்தில் ஆறேழு மாதம் வாழும் திருவள்ளூர் அதில் எங்கும் இல்லை. தமிழ்ப் பாடநூலில் திருவள்ளூர் இருக்கும், அந்தப் பிள்ளை இருக்காது. சேம்பரும் பலாங்கீரும் ஒரே பக்கத்தில் வர வேண்டுமானால் அதைப் படக்கதைதான் செய்ய முடியும்.

பிள்ளைப் புத்தகங்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற கேள்வி அமெரிக்காவில் 1965இல் உரக்க எழுந்தது. நான்சி லாரிக் என்ற கல்வியாளர், 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 பிள்ளைப் புத்தகங்களைப் பற்றிப் பதிப்பகங்களிடம் விசாரித்தார். அவற்றில் ஒரு கறுப்பின மனிதராவது தென்பட்டவை நூற்றுக்கு 6.7 மட்டுமே. நியூயார்க்கில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி, புத்தகத்தில் இருப்பவர்கள் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவர் கட்டுரை தொடங்குகிறது. நம் மொழியில் அப்படி ஒரு கணக்கை யாராவது எடுக்க வேண்டும். கடந்த பத்தாண்டுத் தமிழ்ப் படக்கதைகளை அடுக்கி வைத்து, இருளர் பிள்ளை எத்தனையில், முகாம் பிள்ளை எத்தனையில், தமிழ் தாய்மொழியாக இல்லாத பிள்ளை எத்தனையில் என்று எண்ண வேண்டும். அதே சமயம் ஒவ்வொரு பக்கத்திலும் கதாநாயகியின் தோல் நிறம் என்ன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கருத்த பெண்ணைச் சூனியக்காரியாகவும் சிவந்த பெண்ணை இளவரசியாகவும் வரையும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

லாரிக் எழுதுவதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1962இல், எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற ஓவியர் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தார். பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு உடை போட்டுக்கொண்டு பனியில் விளையாடப் போகிறான். கால்தடம் பதிக்கிறான். பனிப் பந்து ஒன்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அது உருகிப் போகிறது. கதை அவ்வளவுதான். அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களை வெட்டி இருபது ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார் கீட்ஸ். அந்தப் பையன்தான் பீட்டர் ஆனான். அடுத்த ஆண்டு அந்நாட்டின் தலைசிறந்த படக்கதை விருதான கால்டிகாட் அதற்குக் கிடைத்தது.

என் வாதம் முழுவதும் அந்தப் பனிப் பந்தில் இருக்கிறது. நாம் ஏழைப் பிள்ளையைப் பற்றிப் புத்தகம் போட்டால் உடனே கண்ணீர் வரவழைக்கப் பார்க்கிறோம். சேம்பர் பிள்ளை என்றால் கல் சுமக்க வேண்டும், ஜன்னல் வழியாகப் பள்ளியை ஏக்கத்தோடு பார்க்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் ஒரு நல்ல டீச்சர் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அந்தக் கதையைச் சேம்பர் பிள்ளையே படித்தால் என்ன நினைக்கும்? தான் பரிதாபத்துக்குரிய ஆள் என்று தெரிந்துகொள்ளும். அதே சேம்பரில் அந்தப் பிள்ளை களிமண்ணில் மாட்டு வண்டி செய்கிறது. காயவைத்த பச்சைக்கல் வரிசையில் நாய் ஓடிப் பதித்த கால்தடம் அப்படியே சூளைக்குள் போய் வெந்து வருகிறது. அந்தச் செங்கல் யார் வீட்டுச் சுவருக்குப் போகிறதோ! இதைவிட நல்ல படக்கதை ஒரு ஓவியருக்கு என்ன வேண்டும்?

இன்னொரு பழக்கம் சுவரொட்டிப் பழக்கம். வேற்றுமையில் ஒற்றுமை என்று மேலே எழுதி, கீழே தலைப்பாகை கட்டிய சீக்கியர், கசவுப் புடவை கட்டிய மலையாளி, வேட்டி கட்டிய தமிழர், இறகு வைத்த பழங்குடி என்று கைகோத்து நிற்க வைப்பார்கள். அந்தப் படத்தில் யாருமே வேலை செய்வதில்லை, யாருக்கும் பசிப்பதில்லை. இருளர் என்றால் கையில் பாம்பு. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. அந்த அறிவு கொண்டாட வேண்டிய அறிவுதான். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்து இருளர் குடும்பங்கள் பல பாம்பைப் பிடித்து வாழவில்லை. அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டவர்கள் அவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். மீட்பு இப்போதும் நடக்கிறது. மீண்டு வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கிய அம்மாவின் கதை, முதல்முறை வாக்காளர் அட்டை வாங்கிய தாத்தாவின் கதை பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதைகள்தான். கனமான விஷயம் பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கனத்தைச் சுமந்து வளரும் பிள்ளையின் வீட்டில் அந்தத் தயக்கத்துக்கு இடம் இல்லை.

நம் பக்கத்திலேயே இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஐதராபாத்தின் அன்வேஷி பெண்ணாய்வு மையம் 2008 வாக்கில் 'வேறுபட்ட கதைகள்' என்ற பொருள்படும் ஒரு வரிசையைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் கொண்டுவந்தது. கோகு சியாமளா, ஜூபாக சுபத்ரா, முகமது கதீர் பாபு போன்ற எழுத்தாளர்கள் தாங்கள் வளர்ந்த வீடுகளிலிருந்து எழுதினார்கள். அதில் ஒரு கதை முஸ்லிம் வீட்டில் ஆட்டுத் தலைக்கறி சமைக்கும் ஒரு நாளைப் பற்றியது. பிள்ளைக் கதைகளில் மாம்பழமும் பாயசமும் மட்டுமே வாசம் வீசிய இடத்தில் தலைக்கறி மணந்ததே பெரிய காரியம். அந்த நூல்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒடிசாக்காரர் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்துக் காலையில் சாப்பிடும் பகாலாவும் நம் பழைய சோறும் ஒன்றேதான்; அதற்கு அவர்களும் வெங்காயமும் பச்சை மிளகாயும்தான் கடித்துக்கொள்கிறார்கள். சேம்பர் குடிசையிலும் ஊர்த் தெரு வீட்டிலும் ஒரே காலையில் இரண்டு பிள்ளைகள் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருகின்றன, ஒன்றுக்கொன்று தெரியாமல். அதைத் தெரியப்படுத்த ஒரு புத்தகம் போதும்.

சென்னையிலும் இதற்கான கைகள் உண்டு. 1994இல் தொடங்கிய தாரா பதிப்பகம், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு சியாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகியோரைக் கொண்டு இரவில் மரங்கள் எப்படி வாழ்கின்றன என்று ஒரு புத்தகம் செய்தது. 2006இல் கையால் திரை அச்சில் அச்சிடப்பட்டு வந்த அந்த நூல் 2008இல் போலோன்யா பிள்ளைநூல் கண்காட்சியில் விருது பெற்றது. அங்கே அந்த ஓவியர்கள் யாரோ வரைவதற்கான பொருளாக இல்லை, நூலாசிரியர்களாக இருந்தார்கள். 1996இல் தொடங்கிய தூலிகா ஒன்பது மொழிகளில் படக்கதை வெளியிடுகிறது; ஆங்கிலத்தையும் ஓர் இந்திய மொழியையும் ஒரே பக்கத்தில் வைத்த இருமொழி நூல்களும் அவர்களிடம் உண்டு. திறமையும் அச்சகமும் ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. போக வேண்டிய திசைதான் வடக்கு.

இதெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகளுக்காக மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்துகொண்டதாகும். இங்கேயே பிறந்து தமிழை மட்டும் பேசி வளரும் பிள்ளைக்குத்தான் இந்தப் புத்தகங்கள் அவசரமாகத் தேவை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பயத்தில் பலர் ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழ்நாட்டுக் காவல் துறை அது பொய் என்று நிறுவியது. அந்தப் பொய் ஏன் அத்தனை வேகமாக நம்பப்பட்டது? ஒரே தொழிற்பேட்டையில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தும் ஒருவர் வீட்டை இன்னொருவர் அறியாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'வடக்கன்' என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் வகுப்பில் சொல்கின்றன. போஜ்புரி பேசுபவர், மைதிலி பேசுபவர், வங்காளி, ஒடியாக்காரர், அசாமியர் எல்லாருக்கும் 'இந்திக்காரன்' என்று ஒரே பெயர். இந்தித் திணிப்பை எதிர்க்கும் நாம் இந்த ஒரு பெயரால் அந்த மொழிகள் அத்தனையையும் நம் கையாலேயே இந்திக்குள் தள்ளிவிடுகிறோம்.

வெளிமொழியில் புத்தகம் போட்டால் தமிழுக்கு ஆபத்து என்று சிலர் கவலைப்படலாம். அந்தக் கவலையை மதிக்கிறேன். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தபோது இந்த எல்லையோரத்துத் தெலுங்கு வழிப் பள்ளிகளில் எழுந்த மனக்கசப்பும் எனக்குத் தெரியும். ஒரு மொழியைப் பிள்ளை தேர்வுக்காகப் படிக்கலாம், அல்லது அந்த மொழியில் தன்னைக் கண்டு படிக்கலாம். வலப்பக்கம் தமிழும் இடப்பக்கம் ஒடியாவும், அல்லது தெலுங்கும், அல்லது வங்காளமும் ஒரே படத்துக்குக் கீழே இருந்தால், அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்; அம்மா இந்தப் பக்கத்துத் தமிழைக் கேட்பாள். ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் தமிழ் இன்னொரு இந்திய மொழியை நேராகச் சந்திக்கும் பக்கங்கள் அவை. தமிழ் கற்க விரும்பும் ஒரு குடும்பத்துக்கு இதைவிடக் கனிவான வழி எனக்குத் தெரியவில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் திறந்த 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ், ஒடியா, தெலுங்கு, வங்காளம் எல்லாவற்றிலும் கதைகள் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்ற உரிமத்தோடு. தொடங்குவதற்கு உரிமைத்தொகைகூடத் தேவையில்லை.

ஆசிரியருக்கு ஒடியா தெரியாதே? தெரிய வேண்டியதில்லை. இத்தாலியின் லாம்பெதூசா தீவில் ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்திறங்கும் அகதிப் பிள்ளைகளுக்காக, உலகப் பிள்ளைநூல் அமைப்பான இப்பி 2012இல் ஒரு சேகரத்தைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து, சொல்லே இல்லாத படக்கதைகளை மட்டும் திரட்டினார்கள். வந்த பிள்ளையும் தீவுப் பிள்ளையும் ஒரே பக்கத்தைப் பார்த்து அவரவர் மொழியில் கதை சொல்லலாம். லாம்பெதூசாவுக்குப் பொருந்தியது சேம்பருக்குப் பொருந்தாமல் போகாது. முகாம் பிள்ளைக்கும் அது உதவும். அதன் பேச்சு வகுப்பில் மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அது வாயைத் திறப்பதில்லை. தன் வீட்டுத் தமிழில் ஒரு முழுக் கதையை எழுந்து நின்று சொல்ல அதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

புத்தகம் கூலியைக் கூட்டுமா, முன்பணக் கடனை அடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: அடைக்காது. அதற்குத் தொழிலாளர் துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அவை தம் வேலையைச் செய்ய வேண்டும். ஆனால் பிள்ளையின் கையில் புத்தகம் கொடுக்கும் வேலையை அரசு ஏற்கெனவே பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இதைக் கேட்கிறேன். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் 2022 ஜூனில் தொடங்கி வைத்தது இதே மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்ன நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பிள்ளைகள் அவற்றை விரும்பிப் படிக்கிறார்கள். பாடநூல் கழகத்தின் இளந்தளிர் இலக்கியத் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கிறது. அச்சு, விநியோகம், பயிற்சி எல்லாம் தயார். அந்த வரிசைகளில் அடுத்த தொகுப்பைத் திருவள்ளூரிலிருந்து எழுத வேண்டும்.

எழுதுவது என்றால் சென்னையில் ஒரு அறையில் உட்கார்ந்து அல்ல. முகாமில் வரையத் தெரிந்த இளைஞர்கள் இருப்பார்கள். இருளர் குடியிருப்பில் கதை சொல்லும் பாட்டிகள் உண்டு. சேம்பரில் மாலை நேரத்தில் சம்பல்புரிப் பாட்டுக் கேட்கிறது. பழவேற்காட்டில் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு ஏரியின் ஒவ்வொரு சேறும் தெரியும். ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் அங்கே சில வாரங்கள் தங்க வைத்து, அந்த ஊர்க்காரர்களின் பெயரையும் அட்டையில் போட்டு, அவர்களுக்கும் உரிய தொகை கொடுத்து இருபது புத்தகம் செய்யலாம். முதல் பிரதியை அந்தப் பிள்ளைகளிடமே காட்டி, எங்கே முகம் சுளிக்கிறார்கள், எங்கே இது எங்கள் வீடு மாதிரி இல்லை என்கிறார்கள் என்று கேட்டுத் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு நடைமுறை விஷயம். நம் பள்ளி நூல்கள் ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்து சேரும்படி திட்டமிடப்படுகின்றன. ஜூனில் சேம்பர் காலியாகிக்கொண்டிருக்கும். ஒடியா–தமிழ் நூல்கள் டிசம்பரில் குடும்பங்கள் வந்திறங்கும் வாரத்தில் இங்கே இருக்க வேண்டும். ஜூனில் ரயிலேறும்போது பிள்ளை அவற்றைத் திருப்பிக் கொடுக்காமல் ஊருக்கு எடுத்துப் போக அனுமதி வேண்டும். அதற்கு ஒப்பந்தப் புள்ளி ஆகஸ்டுக்குள் கோரப்பட வேண்டும். சேம்பர்களின் பட்டியல் மாவட்ட நிர்வாகத்திடம் ஏற்கெனவே இருக்கிறது.